கழுவிய பின் நிற்பது

வேலந்தாவளம் சோதனைச் சாவடி தாண்டி
ஒன்றரைக் கிலோமீட்டர்.
ஜெசிந்தாவின் தொழுவத்தில் குந்தி
நாலு குழித் தட்டை நீட்டுகிறேன்.
காம்புக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு பீய்ச்சு.
ஊதா மருந்தை ஊற்றிச் சுழற்றினால்
மூன்று பால் தண்ணீராய் ஓடுகிறது.
பின்வலது மட்டும்
வெண்டைக்காய்க் கொழகொழப்பாய்த் திரண்டு
தட்டை விட்டு வர மாட்டேன் என்கிறது.

"மறுபடியுமா சார்?"
மறுபடியும்தான்.

ஐப்பசியில் ஐந்து ஊசி.
கல்லாயிருந்த மடி இளகியது, சூடு தணிந்தது.
மருந்து இறங்கும்வரை கறந்த பாலைத்
தென்னை மூட்டில் கொட்டினாள்.
கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் காம்புக்குள் குழல்மருந்து.
மாசியில் வேறு கம்பெனி, இன்னும் விலை.
தென்னை மட்டும் நன்றாகக் காய்த்தது.

பாலக்காட்டு ஆய்வகத்தில் ரெஹானா டாக்டர்
அந்தப் பாலில் எடுத்த கிருமியைத்
தொண்ணூற்றாறு குழித் தட்டில் ஒரு நாள் உறங்கவிட்டுக்
கவிழ்த்துக் கொட்டினார்.
மூன்று முறை கழுவினார்.
சாயம் விட்டார். திரும்பவும் கழுவினார்.
வெறுங்குழி என்று நான் நினைத்த இடத்தில்
நாவற்பழம் தின்ற நாக்கின் நிறத்தில்
ஒரு வளையம்.
"நோக்கு, போயிட்டில்ல" என்றார்.

மிதந்து திரியும்வரை அதுவும் சாதாரணக் கிருமிதான்;
மருந்து தொட்டால் செத்துப்போகும்.
ஒரு சுவர் கிடைத்துவிட்டால்
முதலில் ஒட்டிக்கொள்கிறது.
பிறகு எதையோ கசியவிட்டுக் கேட்கிறது:
எத்தனை பேர் இருக்கிறோம்?
எத்ர பேருண்டு?
போதும் என்று பதில் வரும்வரை
சத்தமில்லாமல் பெருகுகிறது.
போதும் என்றானதும்
தன் உடம்பிலிருந்தே பசை கக்கி
ஊர் கட்டுகிறது.
கூரை, சுவர், நடுவே வாய்க்கால்.
ஆளியாற்றுத் தண்ணீருக்கு நாம் போடும் வழக்கு எதுவுமின்றிக்
கடைமடைவரை பாய்கிற வாய்க்கால்.
அடியில் சில
உண்ணாமல் பெருகாமல் உறங்குகின்றன.
வளர்வதைத்தான் மருந்து கொல்லும்.

இதை எப்படிச் சொல்வது என்று
பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.
பாதி சொல்வதற்குள்
அவள் புருஷன் லூர்துராஜ் குறுக்கிட்டான்.
கள் இறக்குகிறவன்.
"கலயத்தைச் சும்மா அலசினா
நேத்தைய கள்ளு சுவத்துலயே இருக்கும் சார்.
இன்னைக்கு விழுறதை அதுதான் நுரைக்க வைக்கும்.
இனிப்பா வேணும்னா சுண்ணாம்பு தடவணும்,
இல்ல, கலயத்தையே மாத்தணும்."

கலயம் என்றால் மடி என்றுதான்
அதுவரை எடுத்துக்கொண்டிருந்தேன்.
கிளம்பும்போது, ஏனென்று தெரியவில்லை,
கறவை மிஷினின் ரப்பரைக் கழற்றி
உள்ளே விரல் விட்டேன்.
வழுக்கியது.

ஆறு மாதத்தில் மாற்ற வேண்டிய ரப்பர்.
இரண்டு வருஷம் ஒன்பது மாதம் ஆகியிருந்தது.
இந்தப் பசுவுக்கும் பக்கத்து நாலு வீட்டுப் பசுக்களுக்கும்
விடிகாலையிலும் மதியத்திலும் இதே மிஷின்தான்.
மானிய விண்ணப்பத்தில்
"பயிற்சி அளிக்கப்பட்டது" என்ற கட்டத்தில்
டிக் போட்டது என் பேனா.
பயிற்சி அன்றைக்கு நல்ல மழை.
நான் வரவில்லை.

விரலைக் கைக்குட்டையில் துடைத்தேன்.
பிறகு சோப்பு கேட்டேன்.

பின்வலதை இனிக் கறக்க வேண்டாம்,
வற்றவிடலாம் என்றேன்.
பொள்ளாச்சி சந்தைக்கு ஏற்றலாம்தான்;
லோன் இன்னும் ஒன்பது தவணை இருக்கிறது.
ஜெசிந்தா பசுவின் முதுகில் ஈ ஓட்டியபடி கேட்டாள்:
"மூணு காம்புன்னா
மானியமும் முக்கால்தானா சார்?"
சிரிக்கிறாளா என்று பார்க்க
எனக்குத் தைரியம் வரவில்லை.

வேலியோரம் பக்கத்து வீட்டுப் பையன்
தள்ளுவண்டியோடு வந்து நின்றான்.
"மிஷின் தர்றீங்களாக்கா?
எங்க மாடு கத்துது."

ரப்பர் என் கையில் இருந்தது.