பத்தி பதினான்கு

முசூசு நீதிமன்றத்தின் பின்பக்க அறை.
ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர்.
என் வேலை சுலபம்:
கட்டை அவிழ், குண்டூசியைப் பிடுங்கு,
தாளை நிமிர்த்திக் கண்ணாடிமேல் கவிழ், மூடு.
ஒரு வெளிச்சக் கோடு ஊர்ந்து போகும்.
அடுத்த தாள்.

துருப்பிடித்த ஊசிகளைக்
கடலை வெண்ணெய்ப் புட்டியில் சேர்க்கிறேன்.
இது மூன்றாவது புட்டி.
எழுபத்தொன்பதாம் வருஷத்துத் தீர்ப்புகளைப்
போன மாதம் நான் முடித்தேன்.
எண்பத்தொன்றைக் கரையான் முடித்திருந்தது.

சட்டம் தெரியாது என்று சொல்லி
யாரும் தப்ப முடியாது.
தெரிந்துகொள்ளவோ, இரண்டு வருஷம் முன்புவரை,
பக்கத்துக்கு இருநூறு குவாச்சா;
சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போய்விட்டால்
இன்னொரு நாள் பஸ் காசு.
இப்போது காசில்லை, சாவியில்லை.
சிக்னல் மட்டும் வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை யோத்தாமு சிர்வா வந்தார்,
ஏரிக்கரையிலிருந்து, செருப்பில் மீன்செதிலோடு.
வலையைப் பிடுங்கிக்கொண்டார்களாம்.
கண்ணி சிறிசாம்.
அளந்தார்களா என்றேன்.
விரலை விட்டுப் பார்த்தார்கள் என்றார்.
யார் விரல்?
அதிகாரி விரல்.
அது எப்படி இருக்கும் என்று
இரண்டு கைகளாலும் காட்டினார்,
பெரிய மீனைக் காட்டுவதுபோல.

கணினியில் 'வலை' என்று தேடினேன். ஒன்றும் சிக்கவில்லை.
நீதிபதிகள் வலையை வலை என்று எழுதுவதில்லை.
'மீன்பிடி சாதனம்' என்று போட்டதும் வந்தது:
எழுபத்தேழாம் வருஷம், பத்தி பதினான்கு.
நான் ஏற்றியதுதான்.
யாரோ வைத்த டீக்கோப்பையின் வளையமும்
சேர்ந்தே ஏறியிருந்தது.

அளவுகோல் இல்லாமல் அளந்தது அளவாகாது.
ரசீது இல்லாமல் எடுத்தது பறிமுதலாகாது.

இங்கிலீஷில் இருந்ததை டோங்காவில் சொன்னேன்.
மறுபடி சொல்லச் சொன்னார்.
மூன்றாம் முறை அவரே சொன்னார்,
என்னைவிடச் சுருக்கமாக.
அவருடையது பட்டன் போன்.
வழக்கு எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு,
வியர்த்து அழியாமலிருக்கக்
கையைத் தூக்கிப் பிடித்தபடியே பஸ் ஏறினார்.

வலை திரும்பி வந்ததாம்,
புதிதாக இரண்டு கிழிசலோடு.
கிழிசலுக்குப் பத்தி இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.

கதவைத் திறந்து வைத்தால்
காற்று மட்டுமா வரும்?

தெம்வானானி கோண்ட்வே, பள்ளி ஆசிரியை.
உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
"என் அப்பா பெயரை எடுத்துவிடுங்கள்."
அவர் வகுப்புப் பையன் ஒருவன்
தேடிப் பிடித்து, இடைவேளையில்
சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறான்:
மக்காச்சோளம் இரண்டு மூட்டை, ஆறு மாதம் கடுங்காவல்,
மேல்முறையீடு தள்ளுபடி.

குழந்தைகளின் பெயரைக் கறுப்பால் மூடுவேன்.
சிதைக்கப்பட்ட பெண்களின் பெயரை மூடுவேன்.
திருடியவர்கள் பெயருக்குக் கறுப்பு கிடையாது.
விதி அப்படி என்றேன்.
சொல்லும்போது என் குரல் எனக்கே
யாரோ அதிகாரியின் குரல்போலக் கேட்டது.

"அந்த வருஷம் எங்கள் பக்கம் மழையே இல்லை.
அது இருக்கிறதா அதில்?"

கட்டை எடுத்துவந்து கொடுத்தேன்.
அவர் அதை முழுதாகப் படித்ததே இல்லை.
நின்றபடியே படித்தார்.
மழையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
நான்காம் பக்கத்தில், தட்டச்சு எழுத்து மங்கிய இடத்தில்,
எதிரி சொன்னதாக ஒரே வாக்கியம்:
'மூட்டை இரண்டு, ஐயா. வீட்டில் வயிறு ஏழு.'

அந்த வரியின்மேல் விரலை வைத்தார்.
எடுக்கவில்லை வெகுநேரம்.

மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கட்டுமா,
பெயரை மறைக்க, என்று கேட்டேன்.
பதில் இல்லை. பையைத் தோளில் மாட்டினார்.
வாசல்வரை போனவர் திரும்பினார்.

"ஏழு தப்பு. எட்டு.
நான் அம்மா வயிற்றில் இருந்தேன்."

தீர்ப்பில் கைவைக்க எனக்கு அதிகாரம் இல்லை.
புட்டியிலிருந்து துரு குறைந்த ஊசி ஒன்றைத் தேடி எடுத்து
அந்தக் கட்டை மட்டும்
மறுபடி குத்திவைத்தேன்.