லிண்டிஸ் கணவாயில் இரண்டாம் கியர்

சமதளத்தில் இதைக் குறை சொல்ல முடியாது.
நின்ற இடத்தில் நிதானமாக உறுமும்.
ஏற்றம் என்று வந்தால்தான்
நாலாம் கியர் மூன்றாகி, மூன்று இரண்டாகி,
பின்னால் பதினோரு கார்கள்
சவ ஊர்வலம்போல.

டெஸ்மண்ட் பக்கக் கண்ணாடியில் எண்ணிக்கொண்டு வருகிறான்.
பன்னிரண்டு. அதில் ஒன்று பால் லாரி.
எண்ணாதே என்கிறேன்.
மிதியைத் தரையோடு அழுத்துகிறேன்.
அழுத்த அழுத்த
வண்டி சோர்கிறது.

ஓரம்கட்டிப் பத்து நிமிடம் நின்றால்
ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பும்,
அடுத்த வளைவுவரை.

டிமாருவில் வீட்டை விற்று வாங்கிய வீடு இது.
ஆறு சக்கரம், இரண்டு அடுப்பு, மழைக்கு ஒழுகும் ஒரு மூலை.
டீசல் ஃபில்டரை இருமுறை மாற்றியாயிற்று.
காற்று ஃபில்டரைத் தட்டினோம், ஒரு குளவிக்கூடு விழுந்தது,
இதுதான், இதுதான் என்று குதித்தோம்.
இதுவல்ல.
டர்போ குழாயின் கிளிப்பை இறுக்கினோம்.
அதுவும் அல்ல.
ட்வைசலில் ஒருவர் பானெட்டைத் திறக்காமலே சொன்னார்:
இன்ஜெக்‌ஷன் பம்ப். நாலாயிரம் டாலர்.
டெஸ்மண்ட் சொன்னான்: விற்றுவிடலாம்.
அதற்குப்பின் நாங்கள்
உப்பு எங்கே என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை.

ஓமராமாவுக்கு இறக்கத்தில் திரும்பி வந்தோம்.
அங்கே வானம் முழுக்க இஞ்சின் இல்லாத விமானங்கள்,
மலைக்காற்றில் ஏறி, சாய்ந்து,
ஒரு சத்தமும் இல்லாமல்.
பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

அவற்றை இழுத்து மேலே அனுப்பும் வின்ச்சை ஓட்டுபவள் மாராமா.
சாண்ட்விச்சைக் கீழே வைக்காமலே கேட்டாள்:
வண்டிக்கு வேறு டாங்கில் குடிக்கக் கொடுத்துப் பார்த்தீர்களா?

இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே இஞ்சின் மூடியைத் திறந்தாள்.
டெஸ்மண்டின் கால்களுக்கிடையில் இருபது லிட்டர் கேன்.
பம்புக்கு ஒரு கண்ணாடிக் குழாய்,
திரும்பி வரும் எண்ணெய்க்கு இன்னொன்று.
கட்டிப் பிடித்துக்கொள், சிந்தினால் உன் பாடு என்றாள்.

அந்தச் சத்தத்தில், அந்த நாற்றத்தில்,
புல் மேடுகள் இருபுறமும் மஞ்சளாய்ப் பின்னால் ஓட
மூன்றாம் கியரில் எழுபது!
டெஸ்மண்ட் என்னவோ கத்தினான்.
கேட்கவில்லை. ஆனால் பல் தெரிந்தது.

ஆக, இஞ்சின்மேல் பழியில்லை.
பம்பும் யோக்கியன்.
குற்றம் டாங்கிலிருந்து பம்புவரையான
ஒன்றரை மீட்டரில்.

கழற்றிய ரப்பர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.
வெடிப்பில்லை, கசிவில்லை,
அச்சடித்த எழுத்துகூட அழியவில்லை.
முப்பது வருடம் பள்ளிப் பிள்ளைகளின் வாய்க்குள் பார்த்தவள் நான்.
வெளியே சிரிக்கும் பல்லை நம்பமாட்டேன்.
துடைத்துவிட்டு வாயில் வைத்தேன்.

ஊதினேன், போனது.
உறிஞ்சினேன்,
நின்றது.

மெதுவாக உறிஞ்சினால் கொஞ்சம் வந்தது.
பலமாக உறிஞ்சினால்
உள்ளே ஏதோ எழுந்து வாசலை அடைத்தது.

மாராமா கத்தியால் நீளவாக்கில் கீறினாள்.
உள்தோல் உரிந்து
நாக்குப்போல் ஒரு மடல்.
கேட்காதவரை படுத்திருக்கும்.
நிறையக் கேட்டால் எழுந்து மூடிக்கொள்ளும்.

புதுக்குழாய் பதினெட்டு டாலர், கிளிப் இரண்டு.
அவள் கூலி வாங்கவில்லை, மிச்சமிருந்த இஞ்சி கேக்கை வாங்கிக்கொண்டாள்.
என் வாயில் இரண்டு நாள் டீசல் ருசி.

மறுநாள் கணவாயின் உச்சியில்
டெஸ்மண்ட் பழக்கத்தில் கண்ணாடியைப் பார்த்தான்.
எண்ண எதுவுமில்லை.

விற்பதைப் பற்றி நான் கேட்கவில்லை.
நாக்கு நுனிவரை வந்தது.
மிதியிலிருந்து காலைச் சற்றே தளர்த்தி
இறக்கத்தில் விட்டேன்.

டாராஸ் தாண்டியதும் தானாகவே தொடங்கினான்:
அந்தப் பால் லாரிக்காரன்
ஒருமுறைகூட ஹாரன் அடிக்கவில்லை,
கவனித்தாயா?