இரைச்சல் புகார்ப் பிரிவு

ராட்டர்டாம் நகராட்சியில் என் வேலை
சத்தத்தை அளப்பது.
ஒரு மீட்டர், ஒரு படிவம், ஒரு சைக்கிள்.

பழைய கோப்புகளைப் புரட்டினால்
யார் எப்போது வந்தார்கள் என்று தெரிந்துவிடும்.
எழுபத்தாறில் கேப் வெர்டே மாலுமி ஒருவரின் வயலின்,
விடிய விடிய.
பிறகு துருக்கிக் கல்யாண மேளம்.
பிறகு சுரினாம்காரர்களின் பித்தளைக் குழல்கள்.
அதற்குப் புகார் எழுதியவர்
அந்த வயலின்காரர்தான்.

தேனிஸ் வெர்ஹாகன், மூன்றாம் மாடி.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
நாற்பது புகாருக்கு மேல் இருக்கும்.
கடைசியாக, மேல்வீட்டு எரித்திரியர்மேல்:
"முதலில் ஏதோ கதை. நடுவில் கழுதைபோலக் கத்துகிறான்.
அப்புறம் நரம்பை மீட்டுகிறான்.
பதினொன்றுக்கு எல்லோரும் சிரிக்கிறார்கள்."

நேற்று அவரே அழைத்தார்.
"நான்கு நாளாகச் சத்தமே இல்லை.
வந்து அளந்து பார்."

போனேன். மேலே
கதவில் 'விற்பனைக்கு' என்று ஒட்டியிருந்தது.
வாடகை ஏறிவிட்டதாம்.
தெவெல்தே எங்கே போனார் என்று
கீழே ரொட்டிக்கடையிலும் தெரியவில்லை.

மீட்டரை நீட்டினேன்.
இருபத்தெட்டு டெசிபல்.
அதிலும் பெரும்பங்கு கிழவரின் குளிர்பெட்டி.

"எழுதிக்கொள்" என்றார்.
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

காப்பி கொடுத்தார். ஆறிப்போன காப்பி.
மேல்கூரையைப் பார்த்தபடியே இருந்தார்.
நான் கிளம்பும்போது,
"அந்தக் கழுதைக்கு
என்ன ஆயிற்று?" என்றார்.

மீட்டரை அணைக்க மறந்திருந்தேன்.
நாற்பத்தொன்று காட்டியது.