ஒருமுறை மணி

கெகாமா மேட்டில் ஏறத் தொடங்கி
இது மூன்றாவது நாள்.
எதிரே வந்த வண்டிகள்: ஒன்று.
வைக்கோல் ஏற்றிய பழைய லாரி.
அது போனபின் தூசி அடங்க
ஓர் ஆப்பிள் தின்று முடிக்கும் நேரம் ஆனது.

யெரெவானில் நான் ட்ராலிபஸ் ஓட்டுகிறேன்.
சத்தமே போடாத வண்டி.
என் பங்குக்கும் சேர்த்து
சுற்றியிருப்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்,
பதினெட்டு வருடமாக.
தூக்கத்திலும் என் கால் பிரேக்கைத் தேடுகிறதாம்.
உதை வாங்குகிற ஹெகினே சொல்கிறாள்.

இங்கே கால்களுக்கு வேறு வேலை.
மிதி. மிதி. மூச்சு. மிதி.
முதல் நாள் காது அடைத்துவிட்டதென்றே நினைத்தேன்,
கொட்டாவி விட்டுப் பார்த்தேன்,
மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தேன்.
மறுநாள் ஒவ்வொன்றாக வந்தன:
எண்ணெய் கேட்கும் சங்கிலி,
பாட்டிலுக்குள் புரளும் தண்ணீர்,
என் முழங்கால்,
பிறகு
கரும்பாறைக் குவியலுக்கு அடியில்
கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் பனிநீர்.

எரிந்து ஓய்ந்த மலைகள்.
ஒவ்வொன்றின் உச்சியிலும்
யாரோ கட்டைவிரலால் அழுத்தினாற்போல் ஒரு குழி.
ஒன்றில் மட்டும் ஏரி.
அதற்குள் ஒரு மேகம் சும்மா கிடந்தது.

மதியம் பின்சக்கரம் உஸ்ஸென்று உட்கார்ந்தது.
டயரில் கறுப்பாக, பளபளவென்று,
எரிமலைக் கண்ணாடிச் சில்லு.
சாத்தானின் நகம் என்போம் எங்கள் பக்கம்.
பிடுங்கும்போது என் விரலையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது.

நாய்கள்தான் முதலில் வந்தன, மூன்று,
கன்றுக்குட்டி உயரம்.
சைக்கிளைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றேன்.
ஒரு சீழ்க்கை.
நாய்கள் படுத்துவிட்டன,
நானும் ஏறக்குறைய.

கூடாரத்துக்காரி பெயர் நூரே.
யெசிதிகள். கோடை முழுக்க இங்கே, ஆடுகளோடு.
கணவன் ஆம்ரோ எதிர்ச்சரிவில்
ஒரு புள்ளியாகத் தெரிந்தான்.
டியூபை ஆட்டுத்தொட்டியில் அமுக்கினேன்.
அவள்தான் முதலில் பார்த்தாள்,
“அதோ, மூச்சு விடுகிறது.”
பசை காயும்வரை தேநீர்,
உப்புப் பாலாடைக்கட்டி, ரொட்டி.

“எதற்கு இந்தப் பாடு?” என்றாள்.
அமைதிக்காக என்றேன்.
சிரிக்கவில்லை. யோசித்தாள்.

“நான் பிறந்த வீடு அர்மாவிரில், நெடுஞ்சாலை ஓரம்.
லாரி போனால் அலமாரியில்
டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.
மணமாகி இங்கே வந்த முதல் கோடையில்
எனக்குத் தூக்கமே வரவில்லை.
என்னவோ நின்றுபோய்விட்டது,
போய்ப் பார் போய்ப் பார் என்று
உள்ளே ஏதோ எழுப்பிக்கொண்டே இருக்கும்.”

பிறகு கைப்பிடியில் இருந்த மணியைத் தொட்டாள்.
“இங்கே இதை யாருக்கு அடிக்கிறாய்?”

யாருக்கும் இல்லை. மூன்று நாளாக
என் கட்டைவிரல் அந்தப் பக்கமே போகவில்லை.
திருகு துருவேறி இருந்தது.
அவளுடைய கத்திமுனையால் கழற்றிக் கொடுத்தேன்.
கைத்தடியின் தலையில் வைத்துக் கட்டினாள்.
வெளியே போய் எதிர்ச்சரிவைப் பார்த்து அடித்தாள்.
புள்ளி நின்றது.
கையை வாயில் குவித்து ஏதோ கத்தினாள், குர்திஷில்.
எனக்காக அர்மேனியனில் சொன்னாள்:
“ஒருமுறை அடித்தால் தேநீர்.
விடாமல் அடித்தால் ஓநாய்.”

அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்,
என் மணி இனி என்ன சொல்ல வேண்டும் என்று.

மாலை, கணவாய்க்குக் கீழே கடைசி ஏற்றம்.
இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தேன்.
முன்னால் யாருமில்லை, பின்னால் யாருமில்லை,
இருபது கிலோமீட்டருக்கு
சாலை என் ஒருவனுக்கு மட்டும்.

டிரிங்.

ஓரமாக ஒதுங்கிவிட்டேன்.
திரும்பியும் பார்த்தேன்.

சரிவில் நிழல் இறங்கிக்கொண்டிருந்தது.
மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன்,
இன்னொரு முறை கேட்டுவிடக் கூடாதே என்று.

கேட்கவில்லை.
தேநீர்தான்.