சாவடிப் பூங்காவில் நாற்பது மூட்டை

இறக்கி வைத்த அன்று
முப்பத்தெட்டுதான் இருந்தது.
நாற்பது என்று எழுதச் சொன்னார் ஓவர்சியர்.
எழுதினேன்.

பிரித்தால் கறுப்பு.
கொத்தவரங்காய் நறுக்கிய மாதிரி
நீள நீளமாய் டயர்.
மண்ணுக்கு மூடாக்காம்.
களை வராது, தண்ணீர் மிச்சம்,
சறுக்கில் இருந்து விழுந்தாலும்
பிள்ளைக்கு அடிபடாது,
பத்து வருசத்துக்கு மக்காது.

மக்காதது மண்ணுக்கு எதற்கு
என்று கேட்க வாய் வந்தது.
தினக்கூலி முந்நூற்று எழுபது.
வாய்க்கு முதலில் மூடாக்குப் போட்டேன்.

புங்கனைச் சுற்றி நான்கு விரல் கனம்,
செம்பருத்திக்கு மூன்று.
டயருக்குள் கம்பி இருக்கும் என்பதை
என் கட்டைவிரல்தான் கண்டுபிடித்தது.
மறுநாள்
கோயில் கமிட்டி தூக்கிப்போட்ட ஸ்பீக்கரை உடைத்து
காந்தத்தை எடுத்துக் கயிற்றில் கட்டி
நாய்க்குட்டி போல இழுத்துக்கொண்டு
பூங்கா முழுக்க நடந்தேன்.
பார்த்தவர்கள் சிரித்தார்கள்.
சாயங்காலம் ஒரு சிரட்டை நிறையக் கம்பி.

சில துண்டில் பட்டன் இன்னும் தேயவில்லை.
சிலது மொழுமொழு.
நாமக்கல் முட்டை ஏற்றிப்போன டயரோ,
எம்-சாண்ட் ஏற்றிப்போனதோ,
கஞ்சிக்கோட்டுப் பக்கம்
நடுராத்திரியில் வெடித்து
யாரையாவது அழவைத்ததோ.
ஒன்றில் பாதி எண் மட்டும்: 20.
மீதி வேறு மூட்டையில் இருக்கும்.

வாளையாற்றில் லாரி வரிசை நின்றால்
டிரைவர்கள் இங்கே வந்து கால் நீட்டுவார்கள்.
தங்கச்சன் ரான்னிக்காரர்.
ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்து,
"சேச்சீ, இது ஞங்ஙட பாலாணு" என்றார்.
மாட்டைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு கைச்சாடையில் காட்டினார்:
விடியற்காலை மூன்று மணி,
நெற்றியில் விளக்கு,
பட்டையில் சாய்வாய் ஒரு வெட்டு,
மரத்துக்கு ஒரு சிரட்டை.
விலை போகாமல் கத்தியை வைத்துவிட்டு
ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார்.
அந்தத் துண்டை
புங்கன் தூரிலேயே திரும்ப வைத்தார்.
கொஞ்சம் தள்ளிப் படுத்துத் தூங்கினார்.

சித்திரையில் அது அடுப்பு.
சறுக்கில் இருந்து இறங்கிய பையன்
தரையில் நிற்காமல்
ஒற்றைக்காலும் மறுகாலுமாய்க் குதித்து
புல்லுக்கு ஓடினான்.
அவன் அம்மா என்னைத்தான் முறைத்தாள்.
பதினோரு மணிக்குத் தண்ணீர் விட்டால்
பஞ்சர் கடை வாசம்.
எறும்புகள் சுற்றிப்போகிற வழியை
தினமும் பார்த்தேன்.
ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்:
புங்கனடியில் நிழல் இருந்த இடத்தில்
துண்டுகளை விலக்கினால்
மண் ஈரமாகத்தான் இருந்தது.
அதில் அந்த ஆளைக் குறை சொல்ல முடியாது.

கோரை மட்டும் யாரையும் கேட்கவில்லை.
மூன்றாம் மாதம்
கறுப்பைக் குத்திக்கொண்டு ஊசி ஊசியாய் வந்தது.

ஆனியில் கணவாய்க் காற்று மழையைத் தள்ளிக்கொண்டு வந்தது.
முழங்கால் தண்ணீரில் மூடாக்கு மிதந்தது.
எங்கள் ஊர்ச் சரிவு மேற்கே.
மேலே ரோட்டில்
ஒவ்வொரு லாரியாய் மறித்து
பேப்பர், பர்மிட், எடை என்று கேட்டுக்கொண்டிருக்க,
கீழே குழாய்ப் பாலத்துக்குள்
டயர்கள் ஒரு காகிதமும் இல்லாமல்
கேரளாவுக்குள் போயின.
திரும்பிப் போகிறவை
என்று சொன்னால் அழகாய் இருக்கும்.
அங்கே ஒரு அணை இருக்கிறது.
அதில் மீன் இருக்கிறது.

வலைக்கூடையோடு இறங்கி
அள்ளின வரைக்கும் அள்ளினேன்.

மழை விட்ட அன்று ஓவர்சியர் வந்தார்.
ரிஜிஸ்டரைப் புரட்டினார்.
"வெள்ளத்தில் இரண்டு மூட்டை சேதம்" என்று
எழுதச் சொன்னார்.
நாற்பதில் இரண்டு போனால் முப்பத்தெட்டு.
ஐந்து மாதத்தில் முதல்முறையாகக்
கணக்கு சரியாக வந்தது.

கூடையில் இருந்து சொட்டிக்கொண்டிருந்தது.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று கேட்டேன்.
அவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.
பின் டயர் மொழுமொழுவென்று இருந்தது.