கண் எட்டும் தூரம்

பின்சீட்டில் உறைக்குள் துப்பாக்கி.
தோட்டா ஏற்றியிருக்கக் கூடாது,
வெளியே தெரியக் கூடாது,
பார்வையை விட்டு அகலக் கூடாது.
போல்ட்டைக் கழற்றி
கோட்டுப் பைக்குள் போட்டிருக்கிறேன்.
தொடைச் சூட்டில் மெல்ல வெதுவெதுக்கிறது.
தோட்டாக்கள் டிக்கியில்,
பழைய மீன்டப்பா ஒன்றில்.
பதினேழு. எண்ணித்தான் தந்தான் நீல்லாஸ்.

"இந்தக் குளிர்காலம் மட்டும்
உன்னிடம் இருக்கட்டும், மாரெத்"
என்றான், பூட்ஸ் கயிற்றைப் பார்த்தபடி.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
இரவல் சீட்டில்
காரணத்துக்கென்று கட்டமும் இல்லை.

காராஷோக் தாண்டி நாற்பது கிலோமீட்டர்.
பெட்ரோல் பங்க் கண்ணாடிக்குள் காபி ஆவி.
இறங்கினால் துப்பாக்கி தனியாகிவிடும்.
ஓட்டினேன்.
பிறகு முடியாமல் போய்
கதவைத் திறந்துபோட்டுப்
பனியில் குந்தினேன்,
முகம் பின்சீட்டைப் பார்க்க,
மைனஸ் இருபத்தாறில்.

அப்போதுதான் உறைத்தது.
இதைத் தனியே விடாதே என்கிறது சட்டம்.
அவனைப் பற்றி
ஒரு வரி கிடையாது.

வண்டியைத் திருப்பினேன்.

விளக்குப் போடாத சமையலறையில்
அதே நாற்காலியில், அதே பூட்ஸோடு இருந்தான்.
நான் ஹார்ன் அடிப்பதை நிறுத்தவில்லை.
பக்கத்து வீட்டு நாய்
தன் பங்குக்குக் குரைத்தது.
கடைசியில் வந்தான், பல்துலக்கி ஒன்றை மட்டும்
கையில் பிடித்துக்கொண்டு.

"அது எங்கே?"
"பின்னால். போல்ட் என்னிடம்."
தலையாட்டினான்.
ஏழெட்டு வளைவுகள் பேச்சில்லை.

"பெல்ட்டைப் போடுடா" என்றேன்,
"அதுவும் சட்டம்தான்."