எடை மேடையிலிருந்து முனியப்பனுக்கு

முனியப்பா,
மணி இரண்டே கால்.
மின்னாம்பள்ளிக்கு இந்தப் பக்கம்
உனக்கும் எனக்கும் மட்டும்தான் விளக்கு எரிகிறது.
உனக்குச் சீரியல் பல்பு, எனக்கு டியூப்லைட்.
நடுவில் நாலு வழிச் சாலை.
அந்தச் சாலை வந்தபோது
உன்னை நகர்த்தக் கூடாதென்று ஊரே மறித்தது.
நகர்த்தவில்லை.
ரோட்டைத்தான் உயர்த்தினார்கள்.
இப்போது லாரிக்காரர்களுக்கு உன் மீசை தெரிவதில்லை,
கிரீடத்தின் நுனி மட்டும்.
எண்பதில் போகிறபடியே
ஒரு ரூபாயை விட்டெறிகிறார்கள்,
பாதி சாக்கடையில்.

உன் சட்டம் ஒன்றே ஒன்று.
எழுத்தறியாதவனுக்கும் தெரியும்:
திருட்டுப் பாரம் உன் எல்லையைத் தாண்டினால்
அச்சு முறியும்.
முறிந்ததாம். கட்டை வண்டிக் காலத்தில்
பருத்திப் பொதியோடு ஒருத்தன்
இங்கேயே குப்புறக் கிடந்தானாம்.
ஜவ்வரிசி மில்லில் நான் சேர்ந்து ஆறு வருஷம்.
ஒரு டயர்கூட பஞ்சராகவில்லை.

கேள், எப்படி நடக்கிறதென்று சொல்கிறேன்.
கிழங்கு லாரி மேடையில் ஏறும்.
என் மேசைக்கு அடியில்,
செருப்பு விடுகிற இடத்துக்கு மேலே,
காலிங்பெல் பொத்தான் மாதிரி ஒன்று.
அமுக்கினால் டன்னுக்கு நாற்பது கிலோ
எங்கே போகிறதென்று எனக்குத் தெரியாது,
சிவப்பு எண்ணில் இருக்காது, அவ்வளவுதான்.
பிறகு தண்ணீரில் முக்கி மாவுச்சத்து பார்ப்பார்கள்.
இருபத்தெட்டு பாயிண்ட் கிழங்கு
சீட்டுக்கு வருவதற்குள்
இருபத்துநாலாக இளைத்துவிடும்.
பிறகு மண் கழிவு.
பிறகு வெயிலில் காய்ந்த கழிவு,
மழை நாளிலும்.

எழுந்து வா.
இதைவிட என்ன நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாய்?
வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்கத்தானா
கையில் அந்த அருவாள்?

எப்படி வருவாய் என்றும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.
சேர்வராயன் மலைமேல் மின்னுகிறதே,
அதில் ஒன்றைப் பிடுங்கி
மில் புகைபோக்கியில் போடலாம்.
ஆனால் உள்ளே அறுபது பெண்கள் தோல் சீவுகிறார்கள்,
விடிந்தால்தான் கூலி.
நல்லதம்பி முதலாளியின் கண்ணைப் பறிக்கலாம்.
போன மாதம்தான் புரை எடுத்தார்கள்,
இப்போது பைசா பைசாவாகத் தெரிகிறது அவருக்கு.
அதுவும் உன் புண்ணியம் என்று
உனக்குத் தகரக் கூரை போட்டார்.
உபயம் என்று
உன் பெயரைவிடப் பெரிதாக அவர் பெயர்.
ஆடியில் ஏழு கிடா வெட்டினார்.
நீ வாங்கிக்கொண்டாய்.
ஊர் தின்றது.
நானும் தின்றேன்.
ஈரல் கேட்டு வாங்கினேன்.

சரி, அப்படியானால்
என்னிடமிருந்து தொடங்கு.
சொல்லும்போதே வயிறு கலங்குகிறது.
பதினைந்தாம் தேதி ஏலச்சீட்டு கட்ட வேண்டும்.
விரலை எடுத்துவிடாதே,
மரத்துப் போகட்டும் ஒரு பத்து நிமிஷம்.
இல்லையென்றால் கரண்ட்டை நிறுத்து.
உனக்கு அது பெரிய வேலையா,
வாரியமே தினம் செய்கிறது.

இதோ, பேளூர் சீரங்கன் வருகிறார்.
வாடகை லாரி.
ரோட்டோரம் நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றி,
உன்னிடம் இறங்குகிற ஒரே ஆள்.
ஒரு கிழங்கை உன் காலடியில் வைக்கிறார்,
நல்ல கிழங்காகப் பார்த்து.
நிற்கிறார். ரொம்ப நேரம் நிற்கிறார்.
என்ன கேட்டார்?
நான் கேட்டதையேவா?

மேடை அசைகிறது.
எண்கள் ஓடி ஓடி நிற்கின்றன.
எட்டாயிரத்து எழுநூற்று இருபது.
நான் இன்னும் ஒன்றும் செய்யவில்லை.
"எவ்வளவு காட்டுது, பூங்காவனம்?"

டியூப்லைட் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.
விரல் மரக்கவில்லை,
மடக்கிப் பார்த்தேன், நன்றாகவே மடங்குகிறது.
பின்னால் இன்னொரு லாரி
ஹாரன் அடிக்கிறது.

முனியப்பா,
சீக்கிரம்.